மாலை கழன்ற வருஷம்

எங்கள் வீட்டுத் தீபாவளி கார்த்திகை முதல் தேதிதான். காலண்டரில் இருக்கிற தீபாவளி எங்களுக்கு ஆகாது. அன்றைக்கு அப்பா எந்த முக்கில் விழுந்து கிடக்கிறார் என்று அம்மா தேடப் போயிருப்பாள். நான் தலையில் வைத்த எண்ணெயோடு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருப்பேன். அப்புறம் ஒருவழியாகக் கார்த்திகை பிறக்கும். அப்பா விடிவதற்கு முன்னால் குளித்து, கறுப்பு வேட்டி கட்டிக்கொண்டு, எங்கள் பகுதியில் ஐயப்பன் மலைக்கு ஆட்களைக் கூட்டிப் போகிற குருசாமி முன்னால் போய்க் குனிந்து நிற்பார். கழுத்தில் துளசிமணி மாலை விழும். தை பிறந்து, மலைக்குப் போய்த் திரும்பி வந்து, அந்த மாலையைக் கழற்றுகிற வரைக்கும் குடிக்க மாட்டார்.

மாட்டார் என்றால் மாட்டார். டாக்டர் சொல்லி நிற்கவில்லை, அம்மா காலில் விழுந்து நிற்கவில்லை, கற்பூரத்தை அடித்துச் சத்தியம் வாங்கியும் நிற்கவில்லை. அந்த மாலைக்கு நின்றது. சாமி பயம். சின்ன காஞ்சிபுரத்தில் இப்படி வருஷத்தில் இரண்டு மாதம் மட்டும் புருஷனும் அப்பனுமாக இருக்கிறவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அந்த வீட்டுப் பெண்கள் ஐப்பசி கடைசியில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொள்வார்கள். "உங்க வூட்ல இந்த வருஷம் மாலை போடறாரா?" என்று கேட்பதில் எவ்வளவோ கேள்வி இருக்கும்.

அப்பா பட்டு நெய்கிறவர். கூடத்தில் தறி. கரை ஒரு நிறம், உடம்பு ஒரு நிறம் என்று நெய்கிற புடவைக்கு ஒருத்தர் போதாது. நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கான நூல் சுற்றின நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது அம்மா. மற்ற மாதங்களில் அவள் குளித்துவிட்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்திருப்பாள், பக்கத்து இடம் காலியாக இருக்கும். காத்திருந்துவிட்டு எழுந்து போய் அரிசி களைவாள். கார்த்திகையில் அப்பா அவளுக்கு முன்னால் வந்து தறியில் இருப்பார். "இன்னா சாமி, இவ்ளோ லேட்டு?" என்பார். அம்மா சிரிப்பாள். அவளுக்கு அவ்வளவு அழகான பல்வரிசை என்பதே எனக்கு அந்த மாதங்களில்தான் தெரியும்.

மாலை போட்ட வீட்டில் எல்லோரும் எல்லோருக்கும் சாமி. நானும் சாமிதான். "சாமி, டீ குடிச்சீங்களா? ஸ்கூலுக்கு டைம் ஆவுது, கிளம்புங்க சாமி." பெற்ற அப்பன் பாவாடை தாவணி கட்டின பெண்ணை வாங்க போங்க என்று கூப்பிடுவார். எனக்குச் சிரிப்பும் வரும், உள்ளுக்குள் எதுவோ நிமிரவும் செய்யும். மற்ற மாதங்களில் அவர் என்னைக் கூப்பிட்ட வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன். அச்சில் ஏறாது. அந்த வார்த்தையையும் இந்தச் சாமியையும் ஒரே வாயிலிருந்து கேட்கிற பிள்ளை எதை நம்பும், சொல்லுங்கள்? நான் இரண்டையும் நம்பினேன்.

அதனால் என் ஆசைகளையெல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குத் தள்ளிப் போடக் கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரே ஒரு சிநேகிதி. சேர்ந்து படிக்கலாம், உங்க வீட்டுக்கு வரட்டுமா என்று ஜூன் மாதத்திலிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். "கார்த்திகையில வாடி" என்பேன். "அதென்னடி, உங்க வீட்டுக்கு வர்றதுக்கு நல்ல நாள் பார்க்கணுமா?" என்று கேலி செய்வாள். ஆமாம், பார்க்கத்தான் வேண்டும் என்று நான் எப்படிச் சொல்ல? கார்த்திகையில் வந்தாள். அப்பா அவளுக்குத் தறியை விளக்கினார், பஜனையில் கொடுத்த சுண்டலை இலையோடு கொடுத்தார். "உங்க அப்பா சூப்பர்டி. எங்க அப்பா சிரிச்சே நான் பார்த்ததில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அன்றைக்குச் சாப்பிடாமலே வயிறு நிறைந்து படுத்தேன்.

இவ்வளவு நல்ல மாதங்களில் ஒரே ஒரு முள் இருந்தது. அந்த முள் நான்தான்.

பெரியவளான பிறகு, மாலை போட்ட வீட்டில் நான் எல்லா நாளும் இருக்க முடியாது. வீட்டுக்கு விலக்கானால் உடனே கிளம்பிவிட வேண்டும். அம்மாவுக்கு அதற்குள் கர்ப்பப்பையை எடுத்தாகிவிட்டது, ஆகவே பிரச்சினை என்னால் மட்டும்தான். ஓரிக்கையில் அம்மாவின் தங்கை, என் சித்தி, இருந்தாள். ஒரு துணிப்பை எப்போதும் தயாராக இருக்கும். காலையில் தெரிந்தால் காலையிலேயே டவுன் பஸ். சித்தி நல்லவள், ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். ஆனால் அவள் பக்கத்து வீட்டுக்காரம்மா இருக்கிறாளே! என்னைக் கண்டதும் "இன்னா, மாலை போட்ட வூட்டுப் பொண்ணு வந்துக்கினு இருக்குது" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வாள். பாலாற்றுப் பக்கமாகப் போய் உட்கார்ந்து நாளைக் கழிப்பேன். அங்கே வீட்டில் அப்பா அப்பாவாக இருக்கிறார், நான் இங்கே மணலைக் கிளறிக்கொண்டிருக்கிறேன் என்று வயிறு எரியும். கிடைப்பதே இரண்டு மாதம், அதிலும் எனக்குப் பிடித்தம்.

நான் பதினோராம் வகுப்பு படித்த வருஷம் அது தேதிக்கு முன்னாலேயே வந்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை. எழுந்ததும் அப்பாவுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கி, "நல்லா இருக்குது சாமி" என்று குடித்தார். அதற்குப் பிறகு கொல்லைப்பக்கம் போனபோதுதான் பார்த்தேன். அம்மாவைக் கூப்பிட்டுக் காதில் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. ரொம்ப நேரம் யோசித்தாள். "பையை எடுத்துக்கினு கிளம்பு" என்றாள். அவ்வளவுதான்.

ஓரிக்கையிலிருந்து திரும்பி வந்தபோது அப்பா கழுத்தில் மாலை இல்லை. சாமி படத்தின் ஆணியில் தொங்கியது. அப்பா கூடத்தில் லுங்கியோடு படுத்திருந்தார், அந்த வாடை வாசலுக்கே வந்தது. மார்கழி கூட இன்னும் பிறக்கவில்லை. நான் பையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றேன்.

"என்னம்மா?" என்றேன்.

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "தீட்டு பட்டுடிச்சி இல்ல. நீ குடுத்த டீயை அவுரு குடிச்சிட்டாரே. குருசாமிகிட்ட போய்ச் சொன்னேன். தெரியாம நடந்தது, சாமி குத்தம் வேணாம், இந்த வருஷம் கழட்டிடுங்க, அடுத்த வருஷம் போட்டுக்கலாம்னாரு."

"அதுக்காகக் குடிக்கணுமாம்மா?"

"மாலை இல்லன்னா அவுருக்கு இன்னா இருக்குது?"

அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை, எனக்குத் தெரியும். தூங்குகிற அப்பா எப்படி மூச்சு விடுவார் என்பதெல்லாம் குடிகாரன் வீட்டுப் பிள்ளைகளுக்கு அத்துப்படி. அவர் எழுந்து என்னை ஒரு அடி அடித்திருந்தால்கூடத் தேவலை. ஒன்றுமே சொல்லவில்லை. தெருவுக்குத்தான் சொல்ல நிறைய இருந்தது. "பாவம், பொண்ணால மாலை கழண்டு போச்சி." இரக்கமாகத்தான் சொன்னார்கள். இரக்கப்பட்டது எனக்காக இல்லை.

நான் அதை நம்பினேன். கொஞ்சநஞ்சம் இல்லை, முழுசாக நம்பினேன். அதுவரைக்கும் அப்பா குடிப்பதற்கு எனக்குத் தெரிந்து ஆயிரம் காரணம் இருந்தது: தறியில் பாவு நூல் சிக்கிவிட்டது, கூட்டாளி கூப்பிட்டான், மழை பெய்தது. இப்போது ஒரே காரணம்தான். அந்தக் காரணம் என் உடம்புக்குள்ளேயே இருந்தது. இவ்வளவு வருஷமும் அவர் என்னைக் கூப்பிட்ட அந்தக் கெட்ட வார்த்தைதான் உண்மை, சாமி என்றதுதான் பொய் என்று அன்றைக்கு ஒரு கணக்கு நேராகிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் அந்த நம்பிக்கை வேறு வேறு வேஷம் போட்டது. கெமிஸ்ட்ரி டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருக்கும்போது யாரோ பேசினார்கள். "யாரு பேசினது? எழுந்திரு" என்றார். நான் எழுந்து நின்றேன். நான் பேசவே இல்லை. பேசினது கடைசி பெஞ்ச். டீச்சர் என்னை வெளியே அனுப்பினார். வராண்டாவில் நின்றபோது, வெட்கமாக இருக்கிறது சொல்ல, எனக்கு ஒரு நிம்மதியாக இருந்தது. சரியான இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்ட மாதிரி. மணி அடித்ததும் சிநேகிதி ஓடிவந்து, "லூசாடி நீ? நீ எங்க பேசின?" என்று கத்தினாள். "பேசின மாதிரி இருந்துச்சு" என்றேன். அப்புறம் இது பழக்கமாகிவிட்டது. டஸ்டர் காணோம் என்றாலும் நான்தான், லேப்பில் டெஸ்ட் டியூப் உடைந்தாலும் நான்தான். கை தூக்கி பதில் சொல்வதை மட்டும் விட்டுவிட்டேன். தெரிந்த பதிலாக இருக்கும், வாய் வரைக்கும் வரும், உன்கிட்ட யாருடி கேட்டா என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்கும். அது அப்பாவின் குரல்கூட இல்லை, என் குரலேதான்.

சிநேகிதியையும் மெல்ல மெல்ல உதறினேன். அவள் அந்த வருஷமும் வீட்டுக்கு வருகிறேன் என்றாள். வராதே என்றேன். ஏன் என்றாள். சும்மா வராதே என்றால் வராதே என்று எரிந்து விழுந்தேன். என்னோடு இருந்தால் அவளுக்கும் ஏதாவது ஆகிவிடும் என்று நிஜமாகவே பயந்தேன். அவள் வேறு பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்தாள். இன்றைக்கு அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது. என்ன கோபம் என்று ஒரு நாள் நின்று கேட்டிருக்கலாம் அவளும். பதினாறு வயசுப் பெண் என்னத்தைக் கேட்பாள், போங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு வந்தது. எல்லாருக்கும் பப்ளிக் எக்ஸாம் பயம். எனக்குக் கார்த்திகைப் பயம். இந்த வருஷமும் என்னால் மாலை கழன்றுவிட்டால்? தேதியை எண்ணிப் பார்ப்பேன், தப்பித்துவிடலாம் என்று தோன்றும், முன்னால் வந்துவிட்டால் என்று மறுபடியும் முதலிலிருந்து எண்ணுவேன். ஒருநாள் பின் பெஞ்சில் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது. அவள் அக்கா டயட் இருக்கிறேன் என்று சாப்பிடாமல் கிடந்து மாதாமாதம் வருவதே நின்றுபோயிற்றாம், வீட்டில் அடி விழுந்ததாம். அவள் பயந்துபோய்ச் சொன்னாள். எனக்கு அது சாமியே வந்து வழி காட்டின மாதிரி இருந்தது.

ஆவணியிலிருந்து சோற்றைக் குறைத்தேன். அதெல்லாம் எப்படி என்று எழுதப் போவதில்லை. யாராவது ஒரு பெண் படித்துவிட்டுக் கற்றுக்கொள்ள வேண்டாம். சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்பேன், பொய் சொல்வது எங்கள் வீட்டில் புதிதா என்ன? தலைமுடி கொட்டியது. மாடிப்படி ஏறினால் கண் இருட்டும். புத்தகத்தைத் திறந்தால் எழுத்து மிதக்கும். அதுவரை முதல் மூன்று ரேங்கில் இருந்தவள் எங்கேயோ போனேன். ஆனால் கார்த்திகை பிறப்பதற்கு முன்னால் அது நின்றுவிட்டது. நான் ஜெயித்துவிட்டேன். அவ்வளவு பெரிய சந்தோஷத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அடைந்ததில்லை. பரீட்சையாவது மண்ணாங்கட்டியாவது!

அந்த வருஷம் நான் ஓரிக்கைக்குப் போகவே இல்லை. இரண்டு மாதமும் வீட்டில்தான். அப்பா தறியில் பாடிக்கொண்டே நெய்தார். தினமும் என் கையால்தான் டீ. "சாமி ரொம்ப இளைச்சிட்டீங்களே. நல்லா சாப்பிடுங்க சாமி" என்றார் ஒருநாள். படிப்பு அதிகம் என்றேன். அம்மா நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். இருமுடி கட்டுகிற அன்றைக்கு நானும் ஒரு பிடி அரிசி போட்டேன். அப்பா தலையில் இருமுடியோடு திரும்பிப் பார்க்காமல் தெருமுனை வரை நடந்து போனபோது, நான்தான் அவரைக் கூட்டிப் போகிறேன் என்று நெஞ்சு விம்மியது.

மலையிலிருந்து வந்தார். அம்மா தேங்காய் உடைத்தாள். முறைப்படி மாலையைக் கழற்றினார், பிரசாதத்தை எல்லா வீட்டுக்கும் கொடுத்துவிட்டு வா என்று என்னை அனுப்பினார். கொடுத்துவிட்டு வருவதற்குள் அவர் கடைக்குப் போயிருந்தார்.

நான் அன்றைக்கு அழவில்லை. அடுத்த வாரம் வகுப்பில் எழுந்து நின்றபோது தரை மேலே வந்தது. கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டில், கையில் டிரிப்ஸ். ஒரு லேடி டாக்டர் அம்மாவைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். "ஏம்மா, இந்தப் பொண்ணுக்கு வீட்ல சோறு போடறீங்களா இல்லையா? ரத்தமே இல்ல." அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். டாக்டர் என் பக்கம் திரும்பிக் கடைசியாக எப்போது வந்தது என்று கேட்டார். நான் சுவரைப் பார்த்தேன். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டார். பசிக்கவில்லை என்றேன். அவருக்கு வெளியே பெரிய வரிசை நின்றிருந்தது, மாத்திரை எழுதிக் கொடுத்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இட்லியைப் பிட்டுப் பிட்டு ஊட்டினாள். அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பரீட்சையில் பாஸானேன், அவ்வளவே. டாக்டராக வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பில் கட்டுரை எழுதினவள், லேப் டெக்னீஷியன் டிப்ளமோவில் சேர்ந்தேன். அந்த வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. என்னைத்தான் நான் குறைத்து வைத்திருந்தேன். இதற்குமேல் உனக்கெல்லாம் கேட்குதா என்று நானே கேட்டு, நானே காலேஜ் ஃபாரத்தை மடித்து வைத்துவிட்டேன். கல்யாணத்துக்கும் அப்படித்தான், வந்த முதல் இடத்துக்குத் தலையாட்டினேன். தங்கமான மனுஷன் வாய்த்தார், அது என் சாமர்த்தியம் இல்லை. இப்போது நாள் முழுக்க ஊரார் ரத்தத்தோடுதான் என் பிழைப்பு. சாம்பிள் கெட்டுப்போனால், யார் கையில் கெட்டது என்று கேட்பதற்கு முன்னால் நான்தான் சார் என்பேன்.

அப்பா எனக்குக் கல்யாணமான சில வருஷங்களில் போனார். கல்லீரல். அவர் ரத்தத்தை நானே எடுத்து, நானே மெஷினில் வைத்து, வந்த எண்களை நானே படித்தேன். வயிறு வீங்கிக் கிடந்தவருக்கு ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டும்போது மனசில் இருந்தது வாயில் வந்துவிட்டது. "என்னை மன்னிச்சிடுப்பா. அந்த வருஷம் என்னாலதானே மாலை கழண்டுச்சி. அன்னைக்கு மட்டும் அப்படி ஆகாம இருந்திருந்தா, நீ அப்படியே விட்டிருப்ப இல்ல?" என்று அழுதேன். அப்பா வாயிலிருந்த கஞ்சியை விழுங்கவில்லை. என்னையே பார்த்தார். அப்புறம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கோபம் இன்னும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்போடுதான் அவருக்கு வாய்க்கரிசி போட்டேன்.

போன வருஷம் அம்மாவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். சரி என்று நானே காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கப் போனேன். ஊசி என்றால் அவளுக்கு உயிர் போகும். கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள், பயம் தெரியாமல் இருக்க எதையாவது பேசிக்கொண்டே இருப்பாள். அன்றைக்குத் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசினாள், சித்தியின் மூட்டுவலியைப் பற்றிப் பேசினாள். ஊசி ஏறியதும் பேச்சு நின்றது.

"உன் அப்பா மாலை கழண்டுச்சே ஒரு வருஷம்," என்றாள் கண்ணைத் திறக்காமல். "அது உன்னால இல்லடி."

என் கை அசையவில்லை. தொழில் பழக்கம்.

"நீ டீ குடுத்தியே, அதுக்கு முன்னாடியே அவுரு குடிச்சிட்டாரு. மாலையைக் கழட்டிச் சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கினு போய்க் குடிச்சிட்டு, வர்றப்ப மறுபடியும் கழுத்துல மாட்டிக்கினு வந்தாரு. நான் மோந்து கண்டுபுடிச்சிட்டேன். காலைப் புடிச்சிக்கினு அழுவறாரு. இன்னா பண்றதுன்னு தெரியாம ரெண்டு நாளு முழிச்சிக்கினு இருந்தேன். மாலை போட்ட நாள்ல குடிச்சாருன்னு குருசாமிக்குத் தெரிஞ்சா, இனிமே எந்த வருஷமும் போட்டு வுட மாட்டாரு. அப்பதான் நீ வந்து காதுல சொன்ன."

சிரிஞ்சில் ரத்தம் நிறைந்தது. உருவி எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தினேன்.

"தீட்டுன்னு சொன்னா அது யாரு தப்பும் இல்ல. அடுத்த வருஷம் மரியாதையாப் போட்டுக்கலாம். நான்தான் சொன்னேன். அவுரு வேணாம்னாரு, கொழந்தை மேல போடாதன்னாரு. அப்புறம் சும்மா இருந்துட்டாரு."

சுவர்ப்பக்கம் திரும்பின அந்த முகம் எனக்கு இப்போதுதான் புரிந்தது. கோபம் இல்லை அது. என்னைப் பார்க்க முடியவில்லை அந்த மனுஷனால். சாகப் போகிற நேரத்தில் தன்னிடமே வந்து மன்னிப்புக் கேட்கிற பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பாவி அப்பா! இல்லம்மா என்று ஒரே வார்த்தை.

எனக்கு இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்காமல் விட்டிருக்கலாம்.

"அடுத்த வருஷம் நான் சாப்பிடாம இருந்தேனேம்மா. எதுக்குன்னு உனக்குத் தெரியுமா?"

அவள் பஞ்சைப் பிடித்திருந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியும்" என்றாள். "நீ ஓரிக்கைக்குப் போகல. துணி துவைக்கப் போடல. பெத்தவளுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?"

"தை பொறந்ததும் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிக்கினு இருந்தேன், அதுக்குள்ள நீ வுழுந்துட்ட. அப்புறம் பயமாப் பூடிச்சி. எப்படிச் சொல்றது?"

தை பிறந்ததும். அதாவது மாலை பத்திரமாக மலைக்குப் போய் வந்த பிறகு. நான் அவள் கண் முன்னால் எலும்பாகிக்கொண்டிருந்தேன், அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். எனக்கு அவளை உலுக்க வேண்டும் போல இருந்தது. அந்த லேடி டாக்டர் உலுக்கினாரே, அதைவிட. சோறு போடாதவள் என்று அவர் திட்டினது தப்பு என்று இத்தனை வருஷமும் அம்மாவுக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா அழ ஆரம்பித்தாள். "அவுரு தறியில பக்கத்துல உக்காந்து மனுசனாட்டம் ஒரு பேச்சு பேசுவாரு. வருசம் பூரா அதுக்குத்தான்டி உசுரை வெச்சிருந்தேன். அந்த ரெண்டு மாசம் எனக்கு வேணும்னு இருந்துச்சி."

எனக்கு மட்டும் வேண்டாமா இருந்தது? அவளைவிட எனக்குத்தான் அதிகம் வேண்டும். அன்றைக்குக் காலையில் காதில் சொன்னபோது ரொம்ப நேரம் யோசித்தாளே, அப்போது என்னைக் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போய், "உங்கப்பா குடிச்சிட்டாருடி. குருசாமிகிட்ட உன் பேரைச் சொல்லிடறேன், கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று சொல்லியிருந்தால், சரிம்மா என்று சொல்லியிருப்பேன். யோசித்திருக்கவே மாட்டேன். தெருவில் யார் கேட்டாலும் ஆமாம், என்னால்தான் என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றிருப்பேன், வீட்டுக்குள் வந்து அவளோடு சேர்ந்து அழுதிருப்பேன், பசித்தபோது சாப்பிட்டிருப்பேன். பொய் என்று தெரிந்து எத்தனை வருஷம் வேண்டுமானாலும் அந்தப் பழியைச் சுமந்திருப்பேன். உண்மை என்று நம்பித்தான் சுமக்க முடியாமல் விழுந்தேன். பொய் சொல்ல என்னைக் கூப்பிட்டிருக்கலாம் அம்மா. எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சொன்ன பொய்தானே எல்லாம்? அந்த ஒன்றை மட்டும் எனக்குத் தெரியாமல் சொல்லிவிட்டாள்.